தரவையில் நாலாம் குழி

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். அழைப்பு வந்த அந்த நேரம் என் கைத்தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றை எல்லாம் அழித்துவிட்டேன். அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

“அப்பா, குழிக்குள்ளை தண்ணி வந்திட்டுது!” என்றாள் மகள்.

அவ்வளவுதான். சளக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. நான் திருப்பி எடுத்தேன். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கடைசியாக ஆங்கிலத்திலும் சொன்னாள். மூன்றையும் முழுதாகக் கேட்டுவிட்டு மறுபடியும் எடுத்தேன், நாலாவது மொழியில் வேறு பதில் வைத்திருப்பாள் என்பதுபோல.

மனைவி குசினியில் மதியச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“போன் தண்ணிக்கை விழுந்திருக்கும்,” என்றாள், திரும்பிப் பாராமல்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“சளக் எண்டு கேட்டதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“அவள் விழுந்திருந்தாலும் அந்தச் சத்தந்தானே கேக்கும்?”

“உங்கடை மகள் விழுந்தால் உப்பிடிச் சின்னதாக் கேக்காது. கத்திற கத்திலை மருதனார்மடம் சந்தையிலை மரக்கறி விக்கிறவையும் எழும்பி நிப்பினம்.”

ஆனால் குழாயை மூடிவிட்டாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு யன்னலால் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே, மகள் போன பக்கம், கறுத்து இறங்கியிருந்தது.

“ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்,” என்றாள் பிறகு. “இஞ்சை நிண்டியள் எண்டால் என்னையும் விசராக்கிப் போடுவியள்.”

மகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்தில், புவியியல் இறுதி வருடம். இறுதி வருடத்துக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அவளுடைய சிநேகிதிகள் பஸ் சேவையையும் சந்தை நெரிசலையும் எடுத்துக்கொண்டார்கள். கணினியின் முன் இருந்து செய்து முடிக்கக்கூடிய நல்ல தலைப்புகள். இவள் மண்ணை எடுத்தாள். உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காணியில் தொடங்கி, கோப்பாய்க்குக் கிழக்கே கடல்நீரேரிக் கரை வரைக்கும் ஒரே கோட்டில் நான்கு குழிகள் வெட்டி, நிலம் சரியச் சரிய மண் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போவதாக ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்.

“யாழ்ப்பாணத்திலை சரிவோ?” என்று கேட்டேன். “இஞ்சை ஒரு பந்தை வைச்சால் வைச்ச இடத்திலை நிக்கும்.”

“நீங்கள் படிக்கேக்கை உரும்பிராயிலையிருந்து கோப்பாய்க்குச் சைக்கிளிலை போறனீங்களெல்லே? போகேக்கை கஷ்டமோ, வரேக்கை கஷ்டமோ?”

யோசித்துப் பார்த்தேன். வரும்போதுதான் கஷ்டம். முப்பத்தைந்து வருடமாக அதைச் சோளகக் காற்றின் தலையில் போட்டு வைத்திருந்தேன்.

“காத்து இல்லை அப்பா, ஏத்தம். ஒரு பனை உயரம்கூட வராது. ஆனால் மழைத்தண்ணிக்கு அது காணும்.”

ஊறுகாய்ப் போத்தலின் மூடியை எடுத்துத் தன் சோற்றுக்கோப்பையின் ஒரு பக்க விளிம்பின் கீழ் வைத்தாள். சொதி மெல்ல இறங்கி மற்ற விளிம்பில் தேங்கியது. மஞ்சளும் மிளகுத்தூளும் அதோடு போயின. கறிவேப்பிலையும் வெங்காயத் துண்டுகளும் மேலேயே தங்கிவிட்டன.

“மேலை தண்ணி நிக்காது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை இறங்கிப் போயிடும். மண்ணிலை இருக்கிற இரும்புக்குக் காத்துப் படும், துருப்பிடிக்கும், மண் சிவக்கும். நடுவிலை தண்ணி கொஞ்ச நாள் நிண்டிட்டுப் போகும், அங்கை மஞ்சளும் கபிலமும். கீழை மாரி முழுக்கத் தண்ணி. காத்தே இல்லை. அங்கை இரும்பு நிறத்தை விட்டிடும், மண் சாம்பலாப் போகும். மேலையிருந்து கழுவுப்பட்டு வந்த பசையெல்லாம் அங்கைதான் சேந்து களியாகும். இன்னும் கீழை போனால் உப்பு. அடிக்கல்லு எல்லாத்துக்கும் ஒண்டுதான்.”

“சாப்பாட்டிலை விளையாடாதை,” என்றாள் மனைவி. “கோப்பையை நேரா வை.”

“கீழை உள்ள மண்ணுக்கு என்ன பேர்?” என்று கேட்டேன். மேலே உள்ளதற்குச் செம்மஞ்சள் இலற்றசோல் என்று பெயர் என்பதை அவள் வாயிலிருந்து பலமுறை கேட்டிருந்தேன்.

“வெட்டிப் பாக்காமல் பேர் வைக்கேலாது. மேலாலை பாத்து வைக்கிற பேர் பிழைக்கும்.”

அவள் சொன்னதை அப்போது தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். மற்றவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பது எனக்குக் கைவந்த கலை.

முதல் குழிக்கு நானும் போனேன். அது மனைவியின் அண்ணருடைய தோட்டம். மரவள்ளிக்கும் வாழைக்கும் நடுவே ஒரு மூலையை எங்களுக்கு விட்டிருந்தார். அரைவாசிக்கு மேல் நான்தான் வெட்டினேன். மண்வெட்டி இறங்கிய இரண்டாவது கொத்திலேயே என் கைகளுக்கு அந்த மண் யாரென்று தெரிந்துவிட்டது. உயர்தரம் படிக்கிற வயதில், சண்டைக் காலத்தில், நாங்கள் வீட்டுக்கு வீடு பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டியவர்கள். செம்மண்ணில் வெட்டிய பக்கம் சீமெந்து பூசிய சுவர் மாதிரி நிற்கும். உள்ளே இருந்துகொண்டு விரலால் பெயர் எழுதலாம், படம் கீறலாம். மேலே விமானம் போன பிறகும் அந்தச் சுவரில் ஒரு கட்டி மண் உதிராது.

பிறகு நாங்கள் இடம்பெயர்ந்து கடற்கரையை அண்டிய ஓர் ஊரில் இருந்தோம். அங்கேயும் அதே ஆழத்துக்கு, அதே மாதிரி வெட்டினோம். மறுநாள் விடிய அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. அதை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கச் சுவர் சத்தமில்லாமல் வழுகி இறங்கி என் தாயாரை இடுப்பு வரை மூடியது. கையால்தான் தோண்டி எடுத்தோம். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பல வருடம் இருந்து, அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். நான் சிரிக்கப் பழகவில்லை. குழியில் தண்ணீர் வந்த பிறகு சுவர் எப்படி இறங்கும் என்று நான் கண்ணால் கண்டவன்.

ஆகவே முதல் குழிக்கு ஒரு கயிறு கொண்டுபோயிருந்தேன். அவள் குழிக்குள் இறங்கும்போது அதை இடுப்பில் கட்டச் சொன்னேன். மறுமுனையை வாழையில் கட்டினேன்.

மைத்துனர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “மச்சான், மாட்டைத்தான் கட்டுறது, பிள்ளையை இல்லை,” என்றார். “அதோடை, மாட்டைக் கூட வாழையிலை கட்டிறேல்லை.”

அன்றிரவு மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். “அப்பா, குறை நினைக்காதையுங்கோ. மிச்ச மூண்டு குழிக்கும் நீங்கள் வர வேண்டாம். ரெண்டு பெடியள் வெட்டித் தருவினம். எங்கை எண்டும் சொல்லமாட்டன். சொன்னால் வருவியள்.”

சொல்லவும் இல்லை. இரண்டாம் குழி முடிந்தது, மூன்றாம் குழி முடிந்தது. மாலையில் வந்து கதை மட்டும் சொல்வாள். இரண்டாவதில் தோட்டக்காரர் விளிம்பில் குந்தியிருந்து, புதைச்ச நகை ஏதும் வந்தால் தனக்கும் பங்கு என்று கடைசிவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாராம். மூன்றாவது குழி ஒரு வயலில், அங்கே சாம்பல் மண்ணில் துருவேறிய வேர்த்தடங்கள் இருந்தனவாம். ஒரு சிறு கட்டியைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் செம்மஞ்சள் கோடுகள், நரம்பு ஓடியதுபோல. நெல் வேர் வழியே கொஞ்சம் காற்று இறங்குமாம், இறங்கிய அளவுக்கு மட்டும் இரும்பு சிவக்குமாம். அந்தக் கட்டி இப்போதும் எங்கள் சாமித்தட்டில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நாலாம் குழி தரவையில் என்று மட்டும் தெரியும். தரவை என்றால் கடல்நீரேரிக் கரையில், கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும், மாரியில் தண்ணீர் நிற்கும் புல்வெளி. கோப்பாய்ப் பக்கத்தில் அது கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. அதில் எந்த இடம் என்றுதான் தெரியாது. வெட்டுகிற பெடியங்கள் முதல்நாள் முக்கால்வாசி வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள், மிச்சத்தை அன்றைக்கு அவள் தனியே வெட்டி மண் எடுக்கப் போகிறாள் என்பதைக் காலையில் அவள் ஸ்கூட்டியை வெளியே எடுத்த பிறகுதான் சொன்னாள்.

மோட்டார் சைக்கிளில் நேரே மைத்துனரின் தோட்டத்துக்குப் போனேன். மழை அப்போதுதான் பெரிய துளியாக விழத் தொடங்கியிருந்தது.

“காலமை மண்வெட்டி வாங்கிக்கொண்டு போனவள்,” என்றார் மைத்துனர். “எங்கை எண்டு சொல்லேல்லை. கீழை எண்டுதான் சொன்னவள்.”

“கீழை எண்டால் எங்கை?”

“கீழை எண்டால் கீழைதான் மச்சான். தண்ணி போற பக்கம்.” ஒரு யூரியாப் பையை எடுத்து மூலையை மடித்து என் தலையில் கவிழ்த்துவிட்டார். “கயிறு கொண்டு வந்தனீரோ?”

கொண்டு வந்திருந்தேன். சொல்லவில்லை.

அவருடைய தோட்ட மூலையில், மூடிய முதல் குழியின் மேல் ஒரு கிளுவைத் தடி நட்டிருந்தது. அடையாளத்துக்காக மகள் நட்டது. மாரி ஈரத்துக்கு அது துளிர்த்து நாலைந்து இலை விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வழி தோன்றியது. மற்றக் குழிகளிலும் நட்டிருப்பாள். எங்கள் ஊரில் கிளுவை வேலியில்தான் நிற்கும். வேலி இல்லாத இடத்தில் தனியே ஒரு கிளுவை நின்றால் அது என் மகள் நட்டது.

தண்ணீர் போகும் பக்கம் மோட்டார் சைக்கிளை விட்டேன். செம்மண் ஒழுங்கையில் ஓடிய மழைநீர் தேயிலைச் சாயம்போல இருந்தது. சில்லு அதை என் முழங்கால் வரை அடித்தது. மண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது: சிவப்பு, பிறகு செங்கல் தூள், பிறகு கோப்பி. எத்தனையோ தரம் போன பாதை. அன்றைக்குத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். வாழைத்தோட்டம் ஒன்றின் கீழ் மூலையில் இரண்டாவது தடியைக் கண்டேன். அங்கே இறங்கி நின்று, வந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு. முப்பது வருடமாகப் படிப்பிக்கிறேன், ஒரு நாளும் அந்தக் கோட்டில் என் உயிர் தொங்கியதில்லை.

கோடு பிழைக்கவில்லை. வயல்வெளியில், வரம்பின் ஓரத்தில், மூன்றாவது தடி நின்றது. அங்கே மண் சாம்பல். மோட்டார் சைக்கிள் வழுக்கியது. அதை வரம்பில் சாய்த்துவிட்டு, கொண்டு வந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மகளைக் கூப்பிட்டேன். மழை இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

வயல் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. என் நேர்கோடு இடப்பக்க ஒழுங்கைக்குள் போனது. ஆனால் அந்த ஒழுங்கை சிவப்பாக இருந்தது. நன்றாகச் சிவந்த, மைத்துனரின் தோட்டத்து மண் போன்ற சிவப்பு. வலப்பக்கப் பாதை சாம்பல்.

அந்தச் சந்தியில் நின்றபோது என் மனதில் மகளின் சோற்றுக்கோப்பைதான் வந்தது. கீழே போகப் போகச் சாம்பல். சிவப்பு என்றால் மேடு. இந்த ஒழுங்கை எங்கோ திரும்பி மேலே ஏறுகிறது போலும். கணக்கு இடப்பக்கம் என்றது, மண் வலப்பக்கம் என்றது. நான் மண்ணை நம்பினேன். பிள்ளை சொல்லித் தந்த பாடத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பின்பற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

வலப்பக்கப் பாதை என்னைத் தரவையின் வேறொரு மூலைக்குக் கொண்டுபோய் விட்டது. ஆளில்லை. நாலைந்து மாடுகள் மழைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரு பள்ளம். அதில் தண்ணீர் முட்ட நின்றது. அதன் மேல் ஒரு செருப்பு மிதந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பை எடுத்துப் பார்த்தேன். பெரிய, தேய்ந்த, ஓர் ஆம்பிளையின் செருப்பு. நாள்பட்டது. இருந்தும் கரையில் குந்தி, ஒரு தடியை எடுத்து அந்தப் பள்ளம் முழுவதையும் குத்திப் பார்த்தேன். அடி தட்டியது. மாடு புரண்ட பள்ளம், என் முழங்கால் ஆழம்கூட இல்லை. தட்டிய பிறகும் குத்திக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போதுகூட அந்தத் தடி களியில் இறங்கி நிற்கிற மெத்தென்ற உணர்வு உள்ளங்கையில் இருக்கிறது. மனைவிக்கு இந்தப் பகுதியைச் சொல்லவில்லை. வாசித்தால்தான் தெரிந்துகொள்வாள்.

திரும்பிச் சந்திக்கு வந்தபோது மழை சற்று ஓய்ந்திருந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்பு ஒழுங்கையைக் குனிந்து பார்த்தேன். ஒடுக்கமான சில்லுத்தடம் ஒன்று உள்ளே போயிருந்தது. சில்லு அழுத்திய இடத்தை மழை அறுத்திருந்தது. தடத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு, அடியில் சாம்பல். விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை அந்தச் சிவப்பு. மேலே பூசிய சிவப்பு.

உள்ளே போனேன். ஒழுங்கை ஒரு வளவில் முடிந்தது. இப்படி ஒரு பள்ளத்தில் அப்படி ஒரு வளவை நான் எதிர்பார்க்கவில்லை. மேடாக நிரவிய செம்மண்ணில் கத்தரி, பயற்றை, எலுமிச்சை, முற்றத்தில் ரோசா. படலைக்குள்ளே, மரத்தின் கீழ், என் மகளின் ஸ்கூட்டி. விறாந்தையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில் இயேசுநாதர் படம். கீழே ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி.

“ஆர் தம்பி?” என்றார். என் தலையில் இருந்த யூரியாப் பையைப் பார்த்தார். “உரம் விக்கிறவரோ?”

“அக்கா, அந்த ஸ்கூட்டி என்ரை மகளின்ரை. பிள்ளை எங்கை?”

“ஓ, மண் பிள்ளையின்ரை அப்பாவே! அவ தரவைக்கை. மழைக்கு முதல் இதாலைதான் போனவ. மழை துவங்க இவர் குடையும் கொண்டு தேடிப் போனவர். ரெண்டு பேரையும் இன்னும் காணேல்லை.”

“எந்தப் பக்கம்?”

“பின்னாலை. பொறுங்கோ தம்பி, அங்காலை...”

நான் பொறுக்கவில்லை. வளவின் பின் வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டால் புகுந்தேன். செம்மண் அந்த வேலியோடு கத்தரித்ததுபோல நின்றது. அடுத்த அடி கறுத்தக் களி. மூன்றாவது அடியில் கணுக்கால் வரை போனேன். ஐந்தாவதில் ஒரு செருப்பைக் களி வாங்கிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது மற்றக் கால் இறங்கியது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

“சொல்ல விடாமல் ஓடுறியள்,” என்றார் அந்த அம்மா வேலியடியில் நின்றுகொண்டு. “நேர போகேலாது. ஓரத்தாலை புல்லிலை மிதிச்சுப் போகோணும். நீங்கள் களிக்கை தாண்டு போனால் பிறகு உங்களைக் கிண்டி எடுக்கவும் பிள்ளை ஒரு குழி வெட்டவேண்டி வரும். அசையாமல் நில்லுங்கோ. இவர் வந்து இழுப்பார்.”

அசையாமல் நின்றேன். வேறு வழி இருக்கவில்லை. என் முன்னால் தரவை சாம்பலாய் விரிந்து, எங்கே நிலம் முடிந்து தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தது.

“சுவர் விழுந்திருக்குமோ அக்கா? இந்த மண் நிக்காது. தண்ணி வந்தால் நிக்காது.”

அவர் உடனே ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு. அவரும் தரவையைப் பார்த்தார்.

“நான் உரும்பிராய்ப் பொம்பிளை,” என்றார் பிறகு. “கலியாணம் முடிச்சு இஞ்சை வந்து முதல் மாரியிலை ஒரு கத்தரிக்கண்டு வைச்சன். அழுகிப் போச்சுது. கோடையிலை வைச்சன், உப்பிலை எரிஞ்சு போச்சுது. எங்கடை அப்பா பாக்க வந்த நேரம் அழுதிட்டன். வேறை ஒண்டுமில்லை, ஒரு கத்தரிக்கண்டுக்கு. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டார். அடுத்த கிழமை ட்ரக்டர் பெட்டியிலை எங்கடை தோட்டத்துச் செம்மண் வருது. பறிச்சுப்போட்டு, திரும்பப் போய், திரும்ப வருது. ஒழுங்கை தாழுதெண்டு அதுக்கும் போட்டவர். இவர் இண்டைக்கும் நக்கலடிப்பார், எல்லாரும் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வருவினம், தனக்கு ஊரும் சேந்து வந்ததெண்டு.”

நான் அந்த ஒழுங்கையை நினைத்தேன். என்னைத் தவறான பக்கம் அனுப்பிய அந்த ஒரு சாண் சிவப்பு.

“அப்பா இருக்கிறாரோ அக்கா?”

“இல்லை. மண் இருக்கு. வருசத்துக்கு வருசம் கொஞ்சம் கழுவுப்பட்டுப் போகுது, நான் விடுறேல்லை. வேலியோடை வரம்பு கட்டி மறிச்சு வைச்சிருக்கிறன்.” சேலைத் தலைப்பை உதறி முகத்தைத் துடைத்தார். “உங்கடை மகளும் வந்த முதல் நாள் இதைப் பாத்திட்டு ஏமாந்தவ. பள்ளத்துக்கை எப்பிடிச் செம்மண் எண்டு மண்டையைப் போட்டு உடைச்சு, பிறகு கத்தரிக்குப் பக்கத்திலை ஒரு முழம் கிண்டிப் பாத்து, அடியிலை சாம்பலைக் கண்டாப் பிறகுதான் தேத்தண்ணி குடிச்சவ.”

மேலாலே பார்த்து வைக்கிற பேர் பிழைக்கும் என்று சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதை அப்போதுதான் உண்மையில் கேட்டேன்.

“அங்கை பாருங்கோ,” என்றார் அந்த அம்மா.

தரவையின் ஓரமாக, புல் வளர்ந்த வரம்பில், இரண்டு உருவங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று குடை பிடித்திருந்தது. மற்றது குடைக்கு வெளியே, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தாராளமாக நனைந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டு வந்தது. அந்தக் கையாட்டலை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். பேச்சுப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க உடுப்பில் ஈரமில்லாத இடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவள்தான் முதலில் கண்டாள். ஓடி வந்தாள், புல்லில் மட்டும் மிதித்து, சரியான இடங்களில் மட்டும் மிதித்து.

“அப்பா! நீங்கள் எப்பிடி இஞ்சை?”

“போன்...” என்றேன்.

“போன் குழிக்கை விழுந்திட்டுது. அந்தச் சந்தோசத்திலை கை நழுவிட்டுது. அடியிலையிருந்து தண்ணி ஊறி வந்ததப்பா, நான் சொன்ன அதே ஆழத்திலை! அதுக்கு மேலை துருப் புள்ளி, கீழை நீலச் சாம்பல். உடனை உங்களுக்குத்தான் சொல்லோணும் போலை இருந்தது.”

“சுவர்?”

“ஒரு பக்கம் இறங்கிட்டுது. தண்ணியைக் கண்ட உடனை நான் மேலை ஏறிட்டன். பிறகு இறங்கேல்லை. தண்ணி வந்தால் உள்ளுக்கை நிக்கக் கூடாதெண்டு நீங்கள் சொன்னதுதானே.” மூச்சு வாங்கினாள். “பிறகு மாடு விழுமெண்டு மூடிப்போட்டு வாறம். களியை அடியிலை போட்டு, மேல் மண்ணை மேலை போட்டு, இருந்த ஒழுங்கிலை மூடினது. அதுதான் பிந்திப் போச்சுது.”

குடையோடு வந்த மனிதர் என் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார். களி என்னை மனமில்லாமல் விட்டது. செருப்பைத் தரவில்லை. நான் புல்லில் குந்தி, பக்கத்துக் குட்டைத் தண்ணீரில் காலை நனைக்கப் போனேன்.

மகள் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தாள். என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் உரும்பிராய்ச் சிவப்புத் தெறித்து ஒட்டியிருந்தது, அதற்குக் கீழே கபிலம், கெண்டைக்காலில் வயற்சாம்பல், கணுக்காலில் இருந்து கீழே தரவையின் கறுப்பு. என் தோளில் தொங்கிய கயிற்றையும் பார்த்தாள்.

“அப்பா, காலைக் கழுவிப் போடாதையுங்கோ,” என்றாள். “உப்பிடியே வீட்டை வாங்கோ. என்ரை நாலு குழியும் உதிலை இருக்கு.”